பிள்ளைகளுக்கான தடுப்பு வகுப்பில் பெற்றோருக்கு என்ன வேலை?

போதைப் பழக்கத்திற்குச் சிகிச்சை பெறுவோரின் குடும்பத்தாரைத் தடுப்பு வகுப்பிற்கு அழைத்தால், “பையன் நன்றாகத்தான் படிக்கிறான், அவனுக்கு ஒரு குறையும் இல்லை” என்னும் விடை அடிக்கடி வரும். அது மெய்யாகவே இருக்கலாம். தடுப்பு வகுப்பு அத்தகைய பிள்ளைக்கே உரியது. பழக்கம் பற்றிக்கொண்ட பின் வேண்டப்படுவது சிகிச்சை.

இவ்வகை வகுப்புகளுள் பெயர்பெற்றது, 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் கரோல் கம்ஃபர் என்னும் உளவியலாளர் வகுத்த ‘குடும்ப வலுவூட்டல் திட்டம்’. போதைச் சிகிச்சையில் இருந்த பெற்றோரின் பிள்ளைகளுக்காக 14 வாரப் பாடமாக அது அமைந்தது. பின்னர் 1993 அளவில் அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தினர், 10 முதல் 14 வயதுப் பிள்ளைகளுள்ள எல்லாக் குடும்பங்களுக்கும் பொருந்துமாறு அதனை 7 வாரமாக மாற்றியமைத்தனர். திட்டத்தின் பெயரில் ‘போதை’ என்னும் சொல்லே இல்லை. அக்கம்பக்கத்தார் என்ன நினைப்பார்களோ என்று கூசும் பெற்றோருக்கு இது சிறிய உதவியன்று.

வாரம் ஒருமுறை, இரண்டு மணி நேரம் வகுப்பு நடைபெறும். முதல் மணியில் பெற்றோரும் பிள்ளைகளும் தனித்தனி அறைகளில் பயில்வர். இரண்டாம் மணியில் குடும்பமாக அமர்ந்து பழகுவர். அன்பையும் கட்டுப்பாட்டையும் ஒருங்கே கையாள்வதே பெற்றோருக்கான பாடம். வீட்டு விதிகளைத் தெளிவாகச் சொல்லுதல், நற்செயலைக் கண்டவுடன் பாராட்டுதல், விதி மீறினால் சிறிய தண்டனையைச் சினமின்றி அளித்தல் ஆகியவற்றை அவர்கள் கற்கின்றனர். இன்று மாலை தொலைக்காட்சி இல்லை என்பது சிறிய தண்டனை; இனி வீட்டை விட்டே வெளியே போகக் கூடாது என்பது நிறைவேற்ற இயலாத மிரட்டல். பிள்ளைகளோ நண்பர் வற்புறுத்தும்போது மறுக்கும் முறையைப் பயில்கின்றனர். பெற்றோரின் சுமைகளை அறிந்து மதிக்கவும் கற்கின்றனர்.

அயோவாவின் கிராமப்புறப் பள்ளிகளில் நடந்த ஆய்வில், இத்திட்டம் நடந்த பள்ளிகளின் மாணவர்கள் மது அருந்தத் தொடங்குவது தாமதமானதாகக் கண்டறியப்பட்டது. போலந்தில் நடந்த ஆய்விலோ அத்தகைய பயன் புலப்படவில்லை. எனவே இதனை எவ்விடத்தும் பலிக்கும் மந்திரமாகக் கருதலாகாது.

பெற்றோர் வராமைக்கு அன்பின்மை காரணமன்று. வேலை நேரம், பேருந்துச் செலவு, கைக்குழந்தை ஆகியவையே பெரும்பாலும் தடை. இதனை உணர்ந்து, பல இடங்களில் குடும்பத்திற்கு உணவும், சிறு குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆளும், வந்துபோக வண்டியும் ஏற்பாடு செய்தனர். துண்டறிக்கையை விட ஒரு வேளைச் சோறு வலிய அழைப்பு என்றே தோன்றுகிறது.

சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் தந்தைக்குத் தனித்த இடர் ஒன்று உண்டு. விதி வகுக்க முற்படும்போது, “நீங்க மட்டும் குடிக்கலையா அப்பா?” என்று பிள்ளை கேட்கலாம். அதட்டி அடக்க வேண்டாம், மழுப்பவும் வேண்டாம். “குடித்தேன். அதனால் என்னென்ன இழந்தோம் என்று உனக்கே தெரியும். ஆயினும் இவ்வீட்டின் விதி இதுதான்” என்று அமைதியாகச் சொல்லலாம். இதைத் தாய் மட்டும் வகுப்பிற்கு வந்து கற்றுச்சென்று தந்தைக்கு எடுத்துரைப்பது கடினம். இருவரும் ஒருசேர வர இயலாவிடில், எந்த நாள், எந்த நேரம் இயலும் என்பதையும், வீட்டிலுள்ள சிறு குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் உண்டா என்பதையும் ஆலோசகரிடம் முன்னரே தெரிவியுங்கள்.