சூப்ரா திரும்பி வந்தபோது

அன்பு மகளுக்கு,

சித்தப்பா எழுதுவது. வழக்கொழிந்துபோன ஒரு ஸ்போர்ட்ஸ் காரின் பெயரை நிறுவனம் மறுபடி தூசிதட்டி எடுத்தால் ஆர்வலர்கள் அதில் என்னதான் எதிர்பார்க்கிறார்கள் என்று கேட்டிருந்தாய். ஆட்டோமொபைல் படிக்கிறவள் கேட்க வேண்டிய கேள்விதான். பொதுவாகப் பேசினால் எதுவும் பிடிபடாது என்பதால் டொயோட்டா சூப்ராவை வைத்தே சொல்கிறேன்.

இன்று எல்லோரும் ஏங்குவது 1993-ல் வந்த நான்காம் தலைமுறை சூப்ராவுக்கு. 3 லிட்டர், நேர்வரிசையில் ஆறு சிலிண்டர், இரட்டை டர்போ, வார்ப்பிரும்பு பிளாக். எஞ்சினின் பெயர் 2ஜேஇசட். அமெரிக்காவுக்கு அதை 320 குதிரைத்திறனோடு அனுப்பினார்கள். உள்பாகங்களை மாற்றி, பெரிய டர்போ பூட்டி, ஆயிரத்துக்கு மேல் ஏற்றியவர்கள் உண்டு. அப்போதும் அந்த பிளாக் தாங்கியது. இவ்வளவு இருந்தும் விலை அதிகம் என்று வாங்குவோர் குறைந்தார்கள். 1998-ல் அமெரிக்காவிலும் 2002-ல் ஜப்பானிலும் விற்பனை நின்றுபோனது. 2001-ல் ‘தி ஃபாஸ்ட் அண்ட் த ஃபியூரியஸ்’ படத்தில் ஆரஞ்சு நிறச் சூப்ரா பறந்தபோது, அமெரிக்க ஷோரூம்களில் புதுச் சூப்ரா கிடையாது. படத்திலும் ‘கிரான் டுரிஸ்மோ’ விளையாட்டிலும் அதைப் பார்த்து மயங்கிய பிள்ளைகள்தான் பின்னாளில் சூப்ரா வேண்டும் என்று குரல் கொடுத்தவர்களில் பெரும்பகுதி. தாங்கள் ஓட்டியே பார்க்காத காரைத் திருப்பிக் கேட்டார்கள் என்பதை முதலில் குறித்துக்கொள்.

2019 ஜனவரியில் டெட்ராய்ட் கண்காட்சியில் புதுச் சூப்ரா வந்தது. உள்ளே இருந்தது பிஎம்டபிள்யூ எஞ்சின். அடித்தளம் பிஎம்டபிள்யூ இசட்4 காரோடு பொது. தயாரானது ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில். இது சூப்ராவே இல்லை என்று ஒரே கூச்சல். தலைமைப் பொறியாளர் டெட்சுயா தாடாவின் வாதம் எளிமையானது: நேர்வரிசை ஆறு சிலிண்டரும், முன்னால் எஞ்சின் வைத்துப் பின்சக்கரத்தை இயக்குவதும்தான் சூப்ரா. அந்த வகை எஞ்சின் டொயோட்டாவிடம் அப்போது இல்லை. கொஞ்சமாக விற்கும் ஒரு காருக்காக அதைப் புதிதாக உருவாக்கினால் கட்டுப்படியாகாது. இந்த விஷயத்தில் நான் தாடா பக்கம். ஒன்றும் ஆறும், இரண்டும் ஐந்தும், மூன்றும் நான்கும் சேர்ந்து ஏறி இறங்குவதால் அந்த வகை எஞ்சினில் பிஸ்டன்களின் உதைப்பு ஒன்றையொன்று சமன்செய்துவிடும். வி6-க்கு அந்த இயல்பான வழவழப்பு வராது. யார் வீட்டு எஞ்சின் என்பதைவிட அது எப்படிச் சுழல்கிறது என்பது முக்கியம்.

கியர் விஷயத்தில் மட்டும் ரசிகர்கள் சொன்னதே சரி. வந்தபோது 8 கியர் ஆட்டோமேட்டிக் மட்டும்தான். விடாமல் கேட்டுக் கேட்டு, 2022-ல் 6 கியர் மேனுவலை வாங்கிவிட்டார்கள். வேடிக்கை என்னவென்றால், நூறு கிலோமீட்டர் வேகத்தை எட்டுவதில் ஆட்டோமேட்டிக்தான் முந்தும். ஸ்போர்ட்ஸ் கார் பிரியர்கள் மெதுவான வண்டியைக் கேட்டுப் போராடியிருக்கிறார்கள்! கிளட்சை மிதித்து, கியரைத் தள்ளி, தப்பினால் தாங்களே திருத்திக்கொள்ளும் வேலை தங்களுக்கே இருக்க வேண்டும் என்பது அவர்கள் ஆசை. கதவிலும் பானெட்டிலும் காற்றுத்துளைபோல் செய்து பிளாஸ்டிக்கால் அடைத்திருந்ததையும் கிண்டலடித்தார்கள். பந்தயத்துக்குத் திறந்துகொள்ளலாம் என்று விளக்கம் வந்தது. எனக்கு அது சமாதானமாகப் படவில்லை.

அப்படியானால் மேனுவல் கொடுத்தால் போதுமா என்று கேட்பாய். பிரான்ஸின் ஆல்பைன் ஏ110-ஐப் பார். 1960-களில் தொடங்கிய பெயர், 1973-ல் உலக ராலி பட்டம் வாங்கிய கார். அதன் புது அவதாரம் 2017-ல் ஜெனீவாவில் அறிமுகமானது. மேனுவல் கிடையாது, டர்போ எஞ்சின் வெறும் 1.8 லிட்டர். இருந்தும் கொண்டாடினார்கள், காரணம், அலுமினியத்தில் செய்து எடையை ஏறக்குறைய 1,100 கிலோவில் நிறுத்தியதுதான். பழைய ஏ110-இன் உயிர் அதன் லேசான உடம்பில் இருந்தது. ஹோண்டா என்எஸ்எக்ஸுக்கு நேர்ந்தது வேறு. 1990-ல் வந்த முதல் கார் அலுமினிய உடலோடு, லேசாக, ஓட்டுகிறவருக்கு எளிதில் வசப்படுவதாக இருந்தது. 2016-ல் வந்ததில் மூன்று மின்மோட்டார்கள், எடை 1,700 கிலோவுக்கு மேல். வேகத்துக்குக் குறைவில்லை, சொந்தம் கொண்டாடத்தான் ஆள் இல்லை. 2022-ல் நிறுத்திவிட்டார்கள்.

உன் கல்லூரி அறிக்கைக்காக ரசிகர்களைக் கேட்கப் போகிறேன் என்கிறாய். “என்ன வேண்டும்?” என்று மட்டும் கேட்டால் எல்லோரும் ஒரே பட்டியலைத்தான் ஒப்பிப்பார்கள்: அதிகக் குதிரைத்திறன், குறைந்த எடை, மேனுவல் கியர், மலிவு விலை. “அதற்காக எதை விட்டுக்கொடுப்பீர்கள்?” என்றும் கேள். பின்சீட்டையா, ஒரு வினாடி வேகத்தையா, கையிருப்புப் பணத்தையா? பதில்கள் வந்ததும் எனக்கு அனுப்பி வை.

அன்புடன்,
சித்தப்பா