சின்னப் பட்டறையில் வட்ட ரம்பம்



பரீட்சைக்கு வி-பெல்ட் கணக்குப் போடுகிறோம், மார்க் வாங்குகிறோம், அப்புறம் மறந்துவிடுகிறோம். அதே கணக்கு ஒரு தச்சுப் பட்டறையில் ஒருத்தருடைய விரலைக் காப்பாற்றும் என்றால் நம்புவீர்களா? வயதான ஆசாரிமார் சிலரின் கையைப் பாருங்கள். ஒரு விரலோ, அரை விரலோ குறைந்திருக்கும். கேட்டால், "ரம்பம் இழுத்துருச்சு தம்பி" என்று சாதாரணமாகச் சொல்வார்கள். ஏன் இழுக்கிறது, எப்படித் தடுப்பது என்பதுதான் இந்தக் கட்டுரை.

திருமங்கலம் பக்கம் என் சித்தப்பா பட்டறை வைத்திருக்கிறார். அகலம் 10 அடி, நீளம் 14 அடி, முன்னால் ஒரு ஷட்டர். வேலை செய்வது அவரும் ஒரு பையனும்தான். "இதுக்குள்ள ஒரு டேபிள் சா போடணும், கணக்குப் போட்டுச் சொல்லுப்பா" என்றார். போட்டுப் பார்த்ததை உங்களுக்கும் தருகிறேன்.

1. இடம்

பிளைவுட் ஷீட் 8 அடி நீளம். அறுக்க ஆரம்பிக்கும்போது ரம்பத்துக்கு இந்தப் பக்கம் 8 அடி, முடிக்கும்போது அந்தப் பக்கம் 8 அடி. தள்ளுகிறவர் நிற்க 2 அடி. ஆக 18 அடிக்கு மேல் வேண்டும். இருப்பதோ 14!

மூலைவிட்டமாகப் போட்டால்? பைதாகரஸ்படி 17 அடி சொச்சம் வருகிறது. ஆனால் ஷீட்டின் அகலம் 4 அடி. அது மூலைக்குள் நுழையாது. வழி ஒன்றுதான். பின்சுவரிலிருந்து 10 அடியில் ரம்பம், அறுபட்ட மரம் ஷட்டர் வழியாக வெளியே போகிற மாதிரி. இதில் இன்னொரு லாபமும் உண்டு. மரம் எகிறினால் அது தள்ளுகிற பக்கமாகத்தான் வரும். அந்தப் பக்கம் நம் பின்சுவர்தான் இருக்கிறது, தெருவில் போகிறவர்கள் இல்லை. அறுக்கிறவரும் ரம்பத்துக்கு நேராக நிற்காமல் ஒரு பக்கம் தள்ளி நிற்க வேண்டும்.

ஆங்கிள் ஃபிரேமுக்கு ஒரு பக்கம் ரெண்டு சக்கரம், மறுபக்கம் ரெண்டு நிலையான கால் வையுங்கள். தூக்கி உருட்டலாம், இறக்கினால் நகராது. வேலை மேஜையை ரம்ப மேஜைக்குச் சமமான உயரத்தில் செய்துகொண்டால், அறுபட்ட பலகையைத் தாங்கவும் அதுவே உதவும். முழு ஷீட்டை முதலில் கை மெஷினால் தோராயமாக வெட்டி, பிறகு டேபிளில் அளவுக்கு எடுப்பது இன்னும் நல்லது.

2. வேகம்

10 அங்குல பிளேடு (254 மி.மீ.). கையில் இருந்தது 1 ஹெச்.பி., 1440 ஆர்.பி.எம். மோட்டார். நேராக மாட்டினால் பல்லின் வேகம் விநாடிக்கு 19 மீட்டர்தான். மரம் கருகும், தள்ளவும் பலம் வேண்டும். பலம் கொடுத்துத் தள்ளுகிற கைதான் வழுக்கும்.

மோட்டாரில் 6 அங்குலப் புல்லி, ரம்பத் தண்டில் 3 அங்குலப் புல்லி போட்டால் 2880 ஆர்.பி.எம். கிடைக்கும்.

வேகம் = 3.14 x 0.254 x 2880 / 60 = விநாடிக்குச் சுமார் 38 மீட்டர்.

அதாவது மணிக்குக் கிட்டத்தட்ட 138 கிலோமீட்டர்! மரம் எகிறினால் எந்த வேகத்தில் வரும் என்று இப்போது புரிகிறதா? பிளேடின் மேல் அச்சிட்டிருக்கும் உச்ச ஆர்.பி.எம்.மைப் பார்க்காமல் புல்லியை மாற்றவே கூடாது.

3. வோல்டேஜ்

இண்டக்‌ஷன் மோட்டாரின் டார்க், வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும். 230 வோல்ட் 180 ஆக இறங்கினால் (180/230)² = 0.61. டார்க்கில் நூற்றுக்கு 39 பங்கு போச்சு! மோட்டார் முனகும், சூடாகும், ரம்பம் மரத்துக்குள்ளேயே நின்றுவிடும். சுவரில் ஒரு வோல்ட் மீட்டர் மாட்டுங்கள். முள் இறங்கியிருந்தால் அந்த நேரம் இழைப்புளி வேலை பார்க்கலாம்.

4. ஏன் இழுக்கிறது?

அறுபடும்போது மரத்தின் உள்ளிறுக்கம் தளர்ந்து, பிளவு சேர்ந்துகொண்டு பிளேடைக் கவ்வும். பின்பக்கப் பல் கீழிருந்து மேலே ஏறும் பல். அது மரத்தைத் தூக்கி நம் மேலேயே எறியும். மரத்தோடு கையும் பல்லுக்குப் போகும். இதைத் தடுப்பது ரைவிங் நைஃப், பிளேடுக்குப் பின்னால் நிற்கும் ஒரு இரும்புத் தகடு. இதன் கனம் பிளேடின் உடலைவிடக் கூடவும், பல் அறுக்கும் அகலத்தைவிடக் குறைவாகவும் இருக்க வேண்டும். பல்லிலிருந்து 3 முதல் 8 மி.மீ. இடைவெளி போதும். வளைவாக அறுத்து ஃபைல் போடுவது நம் ஃபிட்டிங் ஷாப் வேலைதானே!

ஃபென்ஸ் பிளேடுக்கு இணையாக இருக்க வேண்டும். பின்பக்கம் குறுகினால் அதுவே மரத்தைக் கவ்வச் செய்யும். ஒல்லியான துண்டுக்குக் கையை வைக்காதீர்கள், தள்ளுகோல் வையுங்கள்.

5. ஸ்டார்ட்டர்

அறுத்துக்கொண்டிருக்கும்போது கரண்ட் போகிறது. சும்மா சுவிட்ச் என்றால் ஆனிலேயே இருக்கும். பையன் குனிந்து தூள் கூட்டும்போது கரண்ட் வந்தால்? நோ-வோல்ட் காயில் உள்ள டி.ஓ.எல். ஸ்டார்ட்டர் போட்டால், கரண்ட் திரும்பி வந்தாலும் பச்சைப் பட்டனை அமுக்காமல் ரம்பம் ஓடாது. இதில் மட்டும் சிக்கனம் வேண்டாம்.

6. தூள்

மரத்தூள் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1995-ல் வகைப்படுத்தியது. மேஜைக்கு அடியில் சரிவான தகரப் பெட்டி, அதிலிருந்து சாக்குக்கு ஒரு குழாய், மூக்குக்கு மாஸ்க். இவ்வளவாவது வேண்டும்.

அங்கே இன்ஸ்பெக்டர் யார்?

1948-ஆம் வருடத் தொழிற்சாலைகள் சட்டத்தின் கீழ் எழுதிய விதிகளிலேயே வட்ட ரம்பத்துக்கு ரைவிங் நைஃப், மேல்மூடி எல்லாம் கேட்டிருந்தார்கள். ஆனால் அந்தச் சட்டம் பொதுவாக மின்சக்தியோடு 10 பேராவது வேலை செய்த இடங்களுக்குத்தான். ரெண்டு பேர் பட்டறை அதில் வரவில்லை. விரல் பட்டதும் 5 மில்லி செகண்டுக்குள் நிற்கும் ரம்பத்தை 1999-ல் அமெரிக்காவில் ஸ்டீபன் காஸ் கண்டுபிடித்தார். நம் ஊர்ச் சின்னப் பட்டறைக்கு அந்த விலை கட்டுப்படியாகாது.

ஆகவே நண்பர்களே, அந்தப் பட்டறைக்கு இன்ஸ்பெக்டர் நாம்தான். கே.புதூர், கப்பலூர் தொழிற்பேட்டைகளுக்கு வேலை தேடிப் போவோம், சரி. அதற்கு முன்னால், உங்கள் தெருவில் இருக்கும் தச்சுப் பட்டறைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போங்கள். ரம்பத்துக்குப் பின்னால் அந்தத் தகடு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஒரு துண்டுத் தகடும், ஒரு ஃபைலும், அரை நாளும் போதும். நாம் படித்த படிப்புக்கு அந்த ஆசாரியின் பத்து விரலும் சாட்சியாக இருக்கட்டும்!