பங்குனியில் வேண்டாம், மருமகனே

அன்பு மருமகனுக்கு மாமா எழுதுவது.

கூட்டாளிகளைச் சேர்த்துக்கொண்டு பங்குனியில் மலைப்பக்கம் ஆற்றோரமாக நடக்கப் போவதாக அக்கா போனில் சொன்னாள். போகத்தான் வேண்டும். வெயில் படாமல் வளர்ந்த பிள்ளைகள் நீங்கள். ஆனால் வசந்தம் என்றாலே ஆற்றங்கரை நிறையப் பூ இருக்கும் என்று யார் சொன்னது? காஷ்மீரில் சரி. சங்கரன்கோவில் வட்டாரத்தில் பங்குனி ஆறு என்பது மணலும் சீமைக்கருவேலமும்தான்.

மலைக்குள் போனால் இன்னும் மோசம். 2018 மார்ச் 11, மாசிக் கடைசி. தேனிப் பக்கம் குரங்கணி மலையில் நடக்கப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி 20 பேருக்கு மேல் இறந்தார்கள். காய்ந்த புல்லில் பிடித்த தீ சரிவில் மேல்நோக்கி ஏறும் வேகத்துக்கு எந்த இளவட்டத்தாலும் ஓட முடியாது. அதற்குப் பிறகுதான் மலையேற்றத்துக்கென்று அரசு தனி விதிகள் போட்டது. வனத்துறை அனுமதி இல்லாமல் காட்டுக்குள் கால் வைக்காதே. "தெரிந்த ஆள் கூட்டிப்போவார்" என்று எவனாவது சொன்னால் நம்பாதே.

நமக்குப் பூக்காலம் ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பின்னால் வருகிறது. ஆனி, ஆடியில் மேல்காற்று ஊரைச் சுழற்றி அடிக்கும், மழை குற்றாலத்தோடு நின்றுவிடும். வடகிழக்குப் பருவமழைதான் நம் கரிசலை நனைக்கிறது. ஆகவே மார்கழியில் போங்கள். கரிவலம்வந்தநல்லூர் பால்வண்ணநாதர் கோயிலில் கும்பிட்டுவிட்டு நிட்சேப நதிக்கரையைப் பிடித்து நடங்கள். மேற்கே மலையில் பிறந்து வைப்பாற்றில் சேரும் ஆறு அது.

தும்பை, ஆவாரை, பொங்கலுக்குக் காப்புக் கட்டும் பூளைப்பூ எல்லாம் வரப்போரத்திலேயே கிடக்கும். வேலியில் செங்காந்தள் பூத்திருந்தால் நின்று பார். இதழ் ஓரம் அலை அலையாக நெளிந்திருக்கும். மஞ்சளாக விரிந்து நாளாக நாளாகச் சிவக்கும். இலை நுனியே சுருண்டு கொம்பைப் பற்றிக்கொண்டு கொடி ஏறும். நம் மாநிலப் பூ. கிழங்கு கொடிய விஷம், விளையாட்டுக்குக்கூடத் தோண்டாதீர்கள். செல்ஃபிக்காகப் பிடுங்கித் தலையில் செருகும் வேலையும் வேண்டாம்.

ரப்பர் செருப்பு ஆகாது. கருவேல முள் அடியைத் துளைத்து உள்ளங்காலில் நிற்கும். கூட்டத்தில் மெதுவாக நடப்பவனை முன்னால் விடு, மற்றவர்கள் அவன் நடைக்கு நடக்கட்டும். ஸ்பீக்கரை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள்.

தண்ணீர் ஓடினால் ஒன்றை மறக்காதே. தலைக்கு மேல் வானம் வெளுத்திருந்தாலும் மேற்கே மலையில் இருட்டியிருந்தால் ஆற்றுக்குள் இறங்கக் கூடாது. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென்று வந்த வெள்ளம் ஒரு சிறுவனை அடித்துக்கொண்டு போனது. குளிக்க வந்த மற்றவர்கள் அலறியடித்து ஓடித்தான் தப்பினார்கள்.

பொங்கலுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமைக்குத் தேதியை மாற்றி, உன் கூட்டாளிகளிடம் இன்றைக்கே சொல்லிவிடு. மதியச் சாப்பாடு நம் வீட்டில்தான் என்று அத்தை சொல்லச் சொன்னாள். எத்தனை பேர் என்று முன்னாடியே சொல்.

இப்படிக்கு,
உன் மாமா