மளிகைச் சீட்டில் ஒரு திருத்தம்

மன்னார்குடி

அன்புள்ள கயலுக்கு,

பெரியம்மா எழுதிக்கொள்வது. பிள்ளைகளுக்கு எந்தச் சத்துப் பவுடர் வாங்கலாம் என்று கேட்டிருந்தாய். அதற்குப் பதில் சொல்லாமல் உன் மாத மளிகைச் சீட்டைக் கேட்டேன். நீ அனுப்பியதை நிதானமாகப் படித்தேன். போனில் சொல்லலாம்தான், ஆனால் நடுவில் உனக்கு ஆபீஸ் அழைப்பு வரும், எனக்குச் சொல்ல வந்தது பாதியில் நின்றுவிடும். அதனால்தான் கடிதம்.

முதலில் பவுடர் கதையை முடித்துவிடுகிறேன். அந்த டப்பாக்களை ‘ஹெல்த் டிரிங்க்’ என்ற தலைப்பின் கீழ் வைக்காதீர்கள் என்று 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகமே ஆன்லைன் கடைகளுக்குச் சொல்லியிருக்கிறது. நம் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அப்படி ஒரு வகையே கிடையாது. டப்பாவைத் திருப்பி, பின்பக்கத்துப் பொடி எழுத்தில் சர்க்கரை எவ்வளவு என்று ஒருமுறை படித்துப் பார், போதும். அந்தப் பணத்தில் செய்ய வேறு வேலை இருக்கிறது.

இப்போது உன் சீட்டுக்கு வருகிறேன். பொன்னி அரிசி 15 கிலோ, இட்லி அரிசி 6, கோதுமை மாவு 5, ரவை சேமியா 2. ஆக மொத்தம் தானியம் 28 கிலோ. துவரம் பருப்பு ஒன்றரை, உளுந்து ஒன்றரை, பாசிப்பருப்பு அரை. ஆகப் பருப்பு மூன்றரைக் கிலோ. எட்டுப் பங்கு தானியத்துக்கு ஒரு பங்கு பருப்பு. உன் வீட்டில் சமைப்பவர் யார், என்ன செய்முறை என்று எதையும் பார்க்காமலே சொல்லிவிடலாம், பிள்ளைகள் பள்ளி விட்டு வந்ததும் பசி என்று பிஸ்கட் டப்பாவைத் திறப்பார்கள். சோறு வயிற்றை நிரப்பும். பசியைத் தாக்குப்பிடிக்க வைப்பது பருப்பும் பயறும் முட்டையும்தான்.

பள்ளியில் சத்துணவு அமைப்பாளராக வேலை பார்த்தவள் நான். அங்கே அரிசி, பருப்பு, எண்ணெய் எல்லாம் தலைக்கு இத்தனை கிராம் என்று நிறுத்து, இருப்புப் பதிவேட்டில் எழுதிய பிறகுதான் அடுப்புக்குப் போகும். வீட்டில் யாரும் அப்படி நிறுப்பதில்லை. மாதத்துக்கு ஒருமுறையாவது சீட்டில் நிறுத்துப் பார்க்க வேண்டும் என்பதுதான் நான் சொல்ல வருவது. உன்னைப் போல் ஓடிக்கொண்டிருப்பவளுக்குப் புதுப்புதுச் சமையல் வேண்டாம். இப்போது சமைப்பதையே சமை. அளவை மட்டும் மாற்று.

என்ன அளவு? ஐதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் ஒரு வழிகாட்டி வெளியிட்டது. நாளொன்றுக்கு 2000 கலோரி தேவைப்படும் பெரியவருக்கு அதில் சொல்லியிருப்பது இது: தானியம் 250 கிராம், பருப்பும் முட்டையும் கறியும் மீனும் சேர்ந்து 85 கிராம், கீரையும் காயும் 400, பழம் 100, பால் அல்லது தயிர் 300 மில்லி, நிலக்கடலை எள் மாதிரியானவை 35, எண்ணெய் 27 கிராம். தானியமும் பருப்பு வகையும் ஏறக்குறைய மூன்றுக்கு ஒன்று. உன் வீட்டில் நாலு பேர். பிள்ளைகள் சின்னவர்கள் என்பதால் மூன்று பெரியவர் கணக்கு வைத்துக்கொள். மாதத்துக்குத் தானியம் 22 கிலோ, பருப்பு பயறு வகை ஏழரைக் கிலோ வருகிறது. நீங்கள் முட்டையும் மீனும் சாப்பிடுகிறவர்கள், அதனால் 6 கிலோ இருந்தாலே நிறைவு. மூன்றரையை ஆறாக்கு, இருபத்தெட்டை இருபத்திரண்டாக்கு. முக்கியமான திருத்தம் இதுதான்.

அரிசியை வெறுக்கச் சொல்லவில்லை. அரிசியில் லைசின் என்ற புரதக்கூறு குறைவு, பருப்பில் அது நிறைய. பருப்பில் குறைவாக இருப்பதை அரிசி ஈடுகட்டும். பொங்கலும் இட்லியும் சாம்பார் சாதமும் நல்ல சாப்பாடுதான். பருப்பு பேருக்கு விழுந்தால் மட்டும் அந்தக் கணக்கு உதைக்கும்.

கூடுதல் இரண்டரைக் கிலோ எங்கே போகும் என்று கேட்பாய். வாரத்தில் இரண்டு இரவு அடை போடு. இட்லி மாவில் நாலுக்கு ஒன்று உளுந்து, அடையில் அரிசியும் பருப்பும் சரிபாதி. இரண்டு டம்ளர் அரிசிக்குத் துவரை, கடலை, உளுந்து, பாசி எல்லாம் கலந்து இரண்டு டம்ளர். காலையில் கிளம்பும்போது கழுவி ஊறப்போட்டுப் பிரிட்ஜில் வைத்துவிடு, சென்னை வெயிலில் வெளியே வைத்தால் புளித்துப்போகும். சாயங்காலம் வந்து மிளகாய், சோம்பு, பெருங்காயம் போட்டுக் கொரகொரவென்று அரைத்தால் அப்போதே ஊற்றலாம். புளிக்கக் காத்திருக்க வேண்டாம், சட்னியும் கட்டாயமில்லை. ஒரு துண்டு வெல்லமோ கொஞ்சம் தயிரோ போதும்.

அடுத்து, இரவு படுக்கப் போகுமுன் ஒரு டம்ளர் பயறு ஊறவைக்கும் பழக்கம். ஒரு நாள் கொண்டைக்கடலை, ஒரு நாள் காராமணி, ஒரு நாள் பச்சைப்பயறு, ஒரு நாள் மொச்சை. காலையில் சோற்றுக்கு வைக்கும் போதே இன்னொரு குக்கரில் உப்புப் போட்டு வேகவிடு. பாதியைத் தாளித்துச் சுண்டலாக டிபன் பாக்ஸில் வை, சிப்ஸ் இருந்த இடத்தில். மீதியைக் கத்தரிக்காயோடு புளிக்குழம்பில் போடு. சுண்டலில் எலுமிச்சம்பழம் பிழியத் தவறாதே. பயறில் இருக்கும் இரும்புச்சத்து உடம்பில் ஒட்ட வைட்டமின் சி கை கொடுக்கும்.

சீட்டில் முட்டை ஒரு அட்டை என்று இருக்கிறது. நாலு பேருக்கு 30 முட்டை என்றால் வாரத்துக்குத் தலைக்கு இரண்டுகூட இல்லை. ஒரு முட்டையில் 6 கிராம் புரதம். நம் அரசுப் பள்ளிகளில் பள்ளி நடக்கும் ஐந்து நாளும் முட்டை போடுகிறார்கள். உன் பிள்ளைகளுக்கும் அது கிடைக்க வேண்டாமா? அட்டையை மூன்றாக்கு. பவுடர் காசு இங்கே வந்து சேரட்டும். உங்கள் ரேஷன் கார்டில் கிலோ 30 ரூபாய்க்குத் துவரம் பருப்பு கிடைக்குமானால் அதையும் விடாதே. நல்ல பருப்புதான், வேக இன்னும் ஒரு விசில் கேட்கும், அவ்வளவே.

காய்கறிதான் உங்கள் வீட்டில் ரொம்பக் குறைச்சல். நாலு பேருக்குக் கால் கிலோ பீன்ஸ் பொரியல் என்றாய். ஆளுக்கு அறுபது கிராம். வேண்டியதோ வீட்டுக்கு நாளொன்றுக்கு ஒன்றேகால் கிலோ. பொரியலாகவே அவ்வளவும் நறுக்க உனக்கு நேரம் ஏது? அதனால் கூட்டு வை. சுரைக்காய், புடலை, சௌசௌ, பூசணி எதுவானாலும் பெரிய துண்டாக வெட்டி, பாசிப்பருப்போடு குக்கரில் இரண்டு விசில். பருப்பும் காயும் ஒரே பாத்திரத்தில் முடிந்தது.

கீரை ஆய நேரமில்லை என்பாய். முருங்கைக்கீரை வாங்கு. கொத்தாகவே ஒரு துணியில் இறுக்கிச் சுற்றி இரவு சமையல் மேடையில் வைத்துவிடு. காலையில் பிரித்து உதறினால் இலை தானாக உதிரும், தப்பித்த ஈர்க்கை மட்டும் பொறுக்கினால் போதும். அடை மாவிலும் போடலாம், பருப்பிலும் போடலாம், முட்டையோடு வதக்கினால் உன் சின்னவனும் சாப்பிடுவான்.

சீட்டில் கூட்ட வேண்டியது இவ்வளவு. தானியம் தவிர, குறைக்க வேண்டியது இன்னும் மூன்று. எண்ணெய் 5 லிட்டர் என்று எழுதியிருக்கிறாய், கணக்குப்படி சுமார் இரண்டரை லிட்டர் போதும். எண்ணெயைச் சட்டியில் கவிழ்க்காமல் கரண்டியால் அளந்து ஊற்றினாலே பாதி மிஞ்சும். உப்பு ஆளுக்கு நாளைக்கு 5 கிராமுக்கு மேல் வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதே மூன்று பெரியவர் கணக்கில் மாதத்துக்கு அரைக் கிலோவுக்கும் குறைவு. நீ ஒரு கிலோ வாங்குகிறாய், ஊறுகாயும் அப்பளமும் தனி. சர்க்கரை 4 கிலோ. பிஸ்கட்டிலும் ஜூஸிலும் வருவதையும் சேர்த்து ஆளுக்கு நாளைக்கு 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது. இதை ஒரே மாதத்தில் குறைக்காதே, வீட்டில் கலகம் வரும். மாதம் அரைக் கிலோவாகக் குறைத்துக்கொண்டே வா, நாக்குக்குத் தெரியாது.

இத்தனையும் செய்ய இரண்டு கை போதாது என்று எனக்குத் தெரியும். மாப்பிள்ளையிடம் இந்தப் பக்கத்தைப் படிக்கக் கொடு. மாப்பிள்ளை, நீங்கள் கோபித்துக்கொள்ள மாட்டீர்கள். இரவு செய்தி பார்க்கும் நேரத்தில் வெங்காயம் உரித்துக் காய் நறுக்கி வைத்தால் காலையில் அரை மணி நேரம் மிச்சம். பயறு ஊறப்போடுவது பெரியவளின் வேலையாக இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை மாவு அரைப்பது உங்கள் பொறுப்பு. கிரைண்டர் ஆண் பெண் பார்ப்பதில்லை.

கடைசியாக உனக்கு, கயல். பிள்ளைகளை அனுப்பிவிட்டு, நின்றபடியே ஒரு டீயும் இரண்டு பிஸ்கட்டும் விழுங்கிவிட்டு பஸ் பிடிக்கிறாய் என்று உன் அம்மா சொன்னாள். நம் நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை என்று 2019-21 குடும்ப நலக் கணக்கெடுப்பு சொல்கிறது. மூச்சு வாங்குவது, தலைமுடி கொட்டுவது எல்லாவற்றையும் வேலைப்பளு என்று தள்ளிவிடாதே. சாப்பாட்டோடு டீ குடித்தால் சாப்பிட்ட இரும்புச்சத்து உடம்பில் சரியாகச் சேராது. ஒரு மணி நேரம் முன்னோ பின்னோ குடி. ஹீமோகுளோபின் ஒருமுறை பார்த்துவிடு. 12-க்குக் கீழே இருந்தால் டாக்டரிடம் போ. அவர் மாத்திரை எழுதினால் பாதியில் நிறுத்தாதே. கீரை மட்டும் தின்று சரிக்கட்டிவிடலாம் என்று இருந்துவிடாதே.

நாளையிலிருந்து காலையில் நாலு பேருக்கும் ஒரே நேரத்தில் தட்டு வை. உன் தட்டிலும் முட்டை இருக்க வேண்டும். அதற்காகப் பத்து நிமிஷம் தாமதமானால் ஆகட்டும்.

பிள்ளைகளுக்கு என் முத்தம். மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

இப்படிக்கு,
உன் பெரியம்மா