பில் போடும் திரை மங்கினால்...

பில் போடும் கம்ப்யூட்டர் திரையில் 3 எது, 8 எது என்று தெரியாமல் போனால், நட்டம் நமக்கு, இல்லையேல் வாடிக்கையாளருக்கு. எப்படியும் கெடுவது கடையின் நாணயம். மெக்கானிக்கை அழைக்கும் முன் நாமே பார்க்கக் கூடியவை சில உண்டு.

முதலில் கேபிள். படம் விட்டு விட்டு வந்தால் இரு முனைகளையும் கழற்றி, அழுத்திச் செருகுவோம். வி.ஜி.ஏ. கேபிளில் ஒரு நிறத்துக்குரிய ஊசி வளைந்தாலும் திரை முழுதும் மஞ்சளாகவோ, ஊதாச் சிவப்பாகவோ மாறிவிடும்.

அடுத்து ரெசல்யூஷன். எல்.சி.டி. திரைக்கு அதற்கென அமைந்த புள்ளி அளவு ஒன்றே. 1920 × 1080 திரையை 1024 × 768-இல் வைத்தால் எழுத்து மங்கும். விண்டோஸ் 10, 11-இல் முகப்பில் மவுஸின் வலப் பொத்தானை அழுத்தி, 'டிஸ்பிளே செட்டிங்ஸ்' சென்று, 'ரெக்கமண்டட்' எனக் குறித்த அளவைத் தேர்வோம்.

எழுத்து சிறிதாகிவிட்டதே என்று ரெசல்யூஷனைக் குறைக்க வேண்டாம். அதே பக்கத்தில் 'ஸ்கேல்' என்பதை 125 சதவீதம் ஆக்கினால், எழுத்து பெரிதாகும், தெளிவும் குறையாது.

அளவை மாற்றியதும் திரை இருண்டுவிட்டதா? பதற வேண்டாம். எதையும் தொடாமல் காத்திருந்தால் சுமார் 15 விநாடிகளில் பழைய அளவே திரும்பும்.

இவ்வளவுக்கும் சரியாகாவிட்டால், வேறொரு மானிட்டரை அதே கேபிளில் பொருத்திப் பார்ப்போம். அதிலும் அதே கோளாறு தெரிந்தால் பழுது மானிட்டரில் இல்லை; கேபிளிலோ கம்ப்யூட்டரிலோதான். புது மானிட்டர் வாங்கும் வீண் செலவு மிச்சம்!