மாற்றுச் சார்பும் தமிழ் ஒலிகளின் பிறப்பும்

முன்னுரை

ஓர் அமைப்பினுள் செல்லும் குறிகைக்கும் அதிலிருந்து வெளிவரும் குறிகைக்கும் உள்ள உறவை அதிர்வெண் வாரியாகக் கூறும் கணிதக் கோவையே மாற்றுச் சார்பு எனப்படும். தொடக்க நிலை சுழியாக இருக்க, வெளியீட்டின் லாப்லாஸ் உருமாற்றத்தை உள்ளீட்டின் லாப்லாஸ் உருமாற்றத்தால் வகுக்க இது கிடைக்கும். அமைப்பு நேரியல் தன்மையுடையதாகவும் காலத்தால் மாறாததாகவும் இருத்தல் இதற்கு முன்நிபந்தனை. மின்சுற்று, கட்டுப்பாட்டுப் பொறியியல், ஒளியியல் வில்லைகளின் தரமதிப்பீடு முதலிய துறைகளில் இக்கருத்து நிலைபெற்றுள்ளது. கடலடி நுண்ணுயிர்ப் புதைவடிவங்களைக் கொண்டு பண்டைக் கடல்நீரின் வெப்பநிலையைக் கணிக்க 1971இல் இம்பிரியும் கிப்பும் வகுத்த முறையும் இப்பெயரையே பெற்றது; எனினும் அது புள்ளியியல் தொடர்புச் சமன்பாடேயன்றி மேற்கூறிய பொருளில் மாற்றுச் சார்பு அன்று. பெயர் ஒன்றாயிருத்தலால் பொருளும் ஒன்றெனக் கொள்வது பிழையாகும்.

தமிழாய்வுக்கு இக்கருத்து நேரே பயன்படும் களம் ஒலியியலாகும்.

மூலமும் வடிகட்டியும்

1941இல் சிபாவும் கஜியாமாவும் உயிரொலிகளைப் பற்றி எழுதிய நூலும், 1960இல் ஸ்வீடன் நாட்டு அறிஞர் குன்னர் ஃபான்ட் வெளியிட்ட பேச்சொலி உருவாக்கக் கோட்பாட்டு நூலும் பேச்சை இரு கூறாகப் பகுத்தன. குரல்நாண்களின் அதிர்வு மூலம். அதற்கு மேலுள்ள தொண்டை, வாய், மூக்கு ஆகியவற்றின் அறைகள் வடிகட்டி. இவ்வடிகட்டியின் மாற்றுச் சார்பில் தோன்றும் உச்சங்களே ஃபார்மண்டுகள். குரல் உயர்ந்தாலும் தாழ்ந்தாலும், நாவும் இதழும் நிலை மாறாதவரை உச்சங்கள் பெரிதும் இடம்பெயர்வதில்லை. ஆதலின் ஒருவர் ‘ஆ’ என்பதைத் தாழ்ந்த சுருதியிலும் உயர்ந்த சுருதியிலும் பாடினும் கேட்போர்க்கு அது ‘ஆ’வாகவே ஒலிக்கிறது.

எளிய கணக்கு ஒன்று இதனை விளக்கும். ஒரு முனை மூடி மறுமுனை திறந்த, 17.5 செ.மீ. நீளமுள்ள சீரான குழாயாகக் குரற்பாதையைக் கருதி, ஒலியின் விரைவை நொடிக்கு 350 மீட்டர் எனக் கொண்டால், ஒத்ததிர்வுகள் 500, 1500, 2500 ஹெர்ட்சில் அமையும். நாவை முன்னுயர்த்தினும் இதழைக் குவிப்பினும் இவை விலகும். 1952இல் பீட்டர்சனும் பார்னியும் அமெரிக்க ஆங்கிலம் பேசும் ஆடவரிடம் அளந்த சராசரிகளின்படி, ‘ஈ’ போன்ற உயிரின் முதலிரண்டு ஃபார்மண்டுகள் 270, 2290 ஹெர்ட்சு. ‘ஆ’ போன்றதற்கு 730, 1090. ‘ஊ’ போன்றதற்கு 300, 870. இவை ஆங்கில உயிர்களுக்கு உரியவை. தமிழ் உயிர்களின் அளவாக அப்படியே எடுத்தாள்வது முறையன்று.

பிறப்பியலோடு ஒப்புநோக்கல்

தொல்காப்பியப் பிறப்பியல் பன்னீருயிரும் மிடற்றிற் பிறந்த வளியால் ஒலிப்பன என்று பொதுவாகக் கூறிவிட்டு, அதன் பின்னரே வாயைத் திறத்தல், நாவிளிம்பு அண்பல்லைப் பொருந்துதல், இதழ் குவிதல் என்னும் வேறுபாடுகளால் அவற்றை மூன்று தொகுதியாக்குகிறது. மூலம் பொது, வடிவம் வேறு என்னும் பகுப்பு இவ்வைப்புமுறையில் தெளிவாகவே உள்ளது. அகரமும் ஆகாரமும் ஒரே தொகுதியில் நிற்பதும் கருதத்தக்கது. குரற்பாதையின் வடிவம் ஒன்றாயின் மாற்றுச் சார்பும் ஒன்றே. குறில் நெடில் வேறுபாட்டை மாத்திரை தாங்குகிறது.

ஆயினும் இது பகுப்பின் ஒப்புமையேயன்றிக் கணித ஒப்புமை அன்று. அதிர்வெண், ஒத்ததிர்வு பற்றிய செய்தி எதுவும் பிறப்பியலில் இல்லை. அங்குக் கூறப்படுவது உறுப்புகளின் செயல். மாற்றுச் சார்பு கூறுவது அச்செயலின் ஒலிவிளைவு. இவ்விரண்டையும் ஒன்றாக்கிப் பண்டையோர் இன்றைய கோட்பாட்டை அறிந்திருந்தனர் என உரைப்பது தொல்காப்பியத்துக்குப் பெருமை சேர்ப்பதாகாது. ஐகாரம், ஔகாரம் ஆகியவற்றில் ஒலிப்பின்போதே குரற்பாதையின் வடிவம் மாறுதலின், அவற்றை ஒரே மாற்றுச் சார்பால் விவரிக்கவும் இயலாது.

மெல்லின அளவீட்டின் இடர்ப்பாடு

மெல்லெழுத்துகள் தத்தம் இடங்களில் பிறந்தும் மூக்கின் வளியால் இசைக்கும் என்கிறது பிறப்பியல். ஒலியியல் நோக்கில் இவ்விடமே மிகுந்த கவனத்துக்குரியது. காற்று மூக்கின் வழி வெளியேறும்போது, முன்னே அடைபட்ட வாயறை ஒரு பக்கக் கிளையாக நின்று சில அதிர்வெண்களை விழுங்கிவிடுகிறது. மாற்றுச் சார்பில் உச்சங்களோடு பள்ளங்களும் தோன்றுகின்றன; இவற்றைக் கணிதத்தில் சுழிகள் என்பர். மகரத்துக்கு அக்கிளையின் நீளத்தை 8 செ.மீ. எனக் கொண்டால் முதற் பள்ளம் ஏறத்தாழ 1100 ஹெர்ட்சில் விழும். அடைப்பு பின்னே செல்லச் செல்லக் கிளை குறுகும். பள்ளம் மேலே ஏறும். எனவே ந, ன, ண என்னும் வரிசையில் பள்ளம் படிப்படியாக உயர வேண்டும். ஙகரத்தில் கிளை மிகக் குறுகியது.

இன்று ஆய்வாளர் பலர் கணினி மென்பொருளில் ஃபார்மண்டுகளை அளக்கின்றனர். அவற்றில் பெருவழக்காயுள்ள நேரியல் முன்கணிப்பு முறை, 1971இல் அடாலும் ஹனாவரும் பேச்சுக்கு விரித்துரைத்தது, உச்சங்களை மட்டுமே கொண்ட மாற்றுச் சார்பை முன்கோளாகக் கொள்கிறது. உயிர்களுக்கு அது பெரிதும் பொருந்தும். மெல்லினத்துக்கு அதனை அப்படியே செலுத்தினால், பள்ளத்தை ஈடுசெய்ய மென்பொருள் போலி உச்சங்களைக் காட்டக்கூடும். அவ்வாறு பெற்ற எண்களைக்கொண்டு நகர னகர வேறுபாடு இன்றைய பேச்சில் உண்டென்றோ இல்லையென்றோ முடிவுகட்டுவது அடிப்படையற்றது. நிறமாலையில் பள்ளத்தை நேரே தேடுதலும், அடுத்துவரும் உயிரின் ஃபார்மண்டுகள் எவ்வாறு நகர்கின்றன என ஒப்பிடுதலும் இங்கு வேண்டப்படுவன.

குழந்தைகளின் குரலில் வேறோர் இடர் உண்டு. அடிப்படை அதிர்வெண் 300 ஹெர்ட்சாயின் மூலத்தின் கூறுகள் 300, 600, 900 என இடைவிட்டே நிற்கும். உண்மையான முதல் ஃபார்மண்ட் 450இல் இருப்பினும் அவ்விடத்தில் ஒலிக்கூறு இல்லாமையால் அளவீடு அருகிலுள்ள கூறுகளுள் ஒன்றன்பால் இழுக்கப்படும். குழந்தைகளின் உயிரொலிகளைப் பெரியோருடையவற்றோடு ஒப்பிடும் ஆய்வுகள் அடிப்படை அதிர்வெண்ணையும் உடன் தருதல் இன்றியமையாதது.