கடலோரப் பயணமும் உள்ளூரார் சொல்லும்



பயணமும் ஒரு பாடமே. ஈப்போவிலிருந்து கடற்கரை காணப் புறப்படுவோர் முதலில் வழியை வகுத்தல் வேண்டும். தைப்பிங் சென்று, கோலா செப்பெத்தாங்கில் சதுப்புநிலக் காட்டைக் காணலாம். முன்னர்ப் போர்ட் வெல்ட் எனப்பட்ட இவ்வூருக்கும் தைப்பிங்கிற்கும் இடையேதான் 1885ஆம் ஆண்டில் மலாயாவின் முதல் இரயில் ஓடியது. பின்னர்ச் சங்காட் ஜெரிங், பந்தாய் ரெமிஸ் வழியே தெற்கு நோக்கிச் சென்றால் லுமுட்டையும், அதனருகே தெலுக் பாத்தேக் கடற்கரையையும் அடையலாம்.

நிலப்படம் சாலையைக் காட்டும். கடலின் போக்கைக் காட்டுமோ? அங்கே கடல்நீர் நாளொன்றுக்கு இருமுறை ஏறி, இருமுறை வற்றும். அந்நேரமும் நாள்தோறும் ஏறத்தாழ 50 நிமிடம் பிந்தும். ஆதலின், சென்ற வாரம் முழங்காலளவு நீர் இருந்த இடம், இன்று அதே நேரத்தில் ஆழமாகலாம். இதனை நன்கறிந்தவர் உள்ளூர் மீனவரே. நீர் ஏறுவதை 'ஆயர் பாசாங்' என்றும், வற்றுவதை 'ஆயர் சூருட்' என்றும் மலாய்மொழியில் கூறுவர். “பாக் சிக், ஆயர் பாசாங்கா, ஆயர் சூருட்டா?” எனப் பணிவுடன் கேளுங்கள். நீரோட்டம், காற்று, மழை ஆகியவற்றையும் கேட்டறியுங்கள்.

பெற்றோரே! தோட்டத்துப் பிள்ளைகள் ஓடையை அறிவர், கடலை அறியார். மீனவர் “இறங்காதே” என்றால் இறங்கவிடாதீர். நெடுந்தூரம் வந்துவிட்டோமே என்னும் எண்ணம் பிள்ளையின் உயிரினும் பெரிதன்று. கேட்டறிதல் இழிவன்று; அதுவே அறிவு.

பயிற்சி:
1. மலாயாவின் முதல் இரயில் எவ்வூர்களுக்கிடையே ஓடியது?
2. இன்று காலை 9 மணிக்குக் கடல்நீர் முழுதும் ஏறினால், நாளைக் காலை ஏறத்தாழ எத்தனை மணிக்கு ஏறும்?

- தலைமையாசிரியர்